வெட்டி அடுக்குவதா, அப்படியே வைப்பதா, உடனே தைத்துவிடுவதா: குவில்ட் தைப்பவரின் துண்டுத்துணிகளுக்கு மூன்று வழிகள்

துண்டுத்துணிகளை இணைத்து, அடுக்குகளாகச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்குக் குவில்ட் என்று பெயர். ஒரு குவில்டைத் தைத்து முடித்ததும் மேசையில் மீந்து கிடக்கும் துணிகளை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தைப்பவர்களிடையே மூன்று விடைகள் வழங்குகின்றன. மீந்ததை அன்றே குறிப்பிட்ட அளவுகளில் வெட்டி, அளவுவாரியாக அடுக்கிவைப்பது ஒன்று. வெட்டாமல், நிறவாரியாகப் பிரித்துப் பைகளில் போட்டுவைப்பது இன்னொன்று. எடுத்துவைக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் துண்டுகளை அவ்வப்போது ஒன்றோடொன்று இணைத்துத் தைத்துக்கொண்டே வருவது மூன்றாவது. எதைத் தேர்ந்தாலும் அலமாரி பார்வைக்கு ஒழுங்காகிவிடும். ஓராண்டு கழித்து அந்தத் துணிகள் போர்வையாகியிருக்குமா, அல்லது அதே பெட்டியில் அப்படியே இருக்குமா என்பதில்தான் வேறுபாடு தெரியவரும். பொழுதுபோக்காகத் தைப்பவருக்கு, அதிலும் தனித் தையலறை இல்லாமல் படுக்கையறையின் ஒரு மூலையில் மெஷினைப் போட்டிருப்பவருக்கு, இவற்றில் எது பொருந்தும் என்று பார்க்கவே இந்த ஒப்பீடு.

இந்த மூன்றுக்கும் முன்னால் நம் வீடுகளில் செய்தாக வேண்டிய ஒரு பிரிப்பு உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குவில்ட் தைப்பவர்கள் எழுதிவைத்துள்ள முறைகள் பெரும்பாலும், மீந்த துணி எல்லாமே ஏறத்தாழ ஒரே கனமுள்ள, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி என்று எண்ணி எழுதப்பட்டவை. நம் துண்டுத்துணிகள் அப்படி வருவதில்லை. தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி, சுடிதார் தைத்து மீந்த மல், பழைய வேட்டி, நைந்த சுங்குடிச் சேலை, தையல்கடையில் கேட்டு வாங்கிவந்த பிட்டுகள் என்று எல்லாம் ஒரே பையில் கலந்து கிடக்கும். அவற்றுள் பாலியஸ்டர் கலந்தது எது, சாயம் விடுவது எது, இழுத்தால் நீள்வது எது என்று தெரியாமல் நிறவாரியாகவோ அளவுவாரியாகவோ அடுக்கினால், அந்த அடுக்கு பிற்பாடு ஒரு நல்ல குவில்டையே கெடுத்துவிடக்கூடும்.

இழையைக் கண்டுபிடிக்க எளிய வழி கொளுத்திப் பார்ப்பதுதான். துணியின் ஓரத்திலிருந்து நான்கைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே நீட்டித் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பட்டு, முடி பொசுங்கும் நாற்றம் தரும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியான மணிபோல் நிற்கும். கலப்புத் துணியில் எரிதலும் இருக்கும், கெட்டியும் தங்கும். இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. குவில்டில் ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டுப் படியவைக்க வேண்டும். பருத்தி படிவதற்குத் தேவையான சூட்டில் பாலியஸ்டர் சுருண்டு பளபளப்பேறிவிடும். இரண்டையும் அருகருகே தைத்தால் எந்தச் சூட்டிலும் அந்தத் தையல் சரியாகப் படியாது.

சாயத்துக்கும் ஒரு சோதனை வேண்டும். துண்டை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால், சாயம் விடும் துணி வெள்ளையில் தன் அடையாளத்தைப் பதித்துவிடும். சுங்குடியின் அடர்ந்த சிவப்பும் மெரூனும் முதல் சில அலசல்களில் இப்படிச் சாயம் விடக்கூடியவை. உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயப்பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு உதவுவது உண்மை. ஆனால் சாயமிட்டு முடிந்து விற்பனைக்கு வந்துவிட்ட துணியில், இழையோடு ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை உப்பால் பிடித்துவைக்க முடியாது. தண்ணீர் தெளியும் வரை அலசி அதை வெளியேற்றுவதே வழி. எனவே கடையிலிருந்து வந்த எந்தத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே அலசி உலர்த்திவிடுவது நல்லது. அரை அடித் துண்டாகிவிட்ட பிறகு அலசினால் ஓரமெல்லாம் இழை பிரிந்து, பாதித் துணி நூலாகப் போய்விடும். பனியன் துணியை மட்டும் எந்தச் சோதனையும் செய்யாமல் ஒதுக்கிவிடலாம். அது நெய்த துணி அல்ல, பின்னிய துணி. நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் இழுபட்டு வளையும்.

வெட்டி அடுக்குதல்

அளவுவாரியாக வெட்டிவைக்கும் முறைக்கு இன்றுள்ள செல்வாக்குக்கு ரோட்டரி கட்டர் என்னும் உருளும் சக்கரக் கத்தி ஒரு முக்கியக் காரணம். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் அதை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு அட்டை மாதிரியை வைத்து, பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொரு துண்டாகக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருந்தது. 45 மில்லிமீட்டர் சக்கரக் கத்தியும், தடித்த கண்ணாடி போன்ற அளவுகோலும், கீறல் படாத விரிப்பும் வந்தபின், நான்கு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் நேராக வெட்ட முடிந்தது. கடைகளே 2½ அங்குலப் பட்டைகளையும் 5 அங்குலச் சதுரங்களையும் வெட்டிக் கட்டாக விற்கத் தொடங்கியபோது, வீட்டில் மீந்ததையும் அதே அளவுகளில் வெட்டிக்கொள்வது இயல்பாகிவிட்டது.

இம்முறையின் பெரிய நன்மை, தைக்க உட்காரும் நேரத்தில் தைக்கவே முடிவதுதான். வேலை முடிந்து இரவில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தை, துணி தேடுவதிலும் தேய்ப்பதிலும் அளப்பதிலும் செலவிட்டுவிட்டால் மெஷினின் முன் உட்காரப் பத்து நிமிடம்கூட மிஞ்சாது. வெட்டிய சதுரங்கள் ஒரு கிண்ணத்தில் மெஷின் பக்கத்திலேயே இருந்தால் இன்னொரு பயனும் உண்டு. தையல்காரர்கள் தையலைத் தொடங்கும்போது நூல் சிக்காமலிருக்க ஒரு பிட்டை மெஷினின் அழுத்துக்காலுக்கடியில் கொடுத்து, அதன் மேல் ஓட்டிவிட்டுத்தான் உண்மையான துணிக்கு வருவார்கள். அந்தப் பிட்டுக்குப் பதிலாக இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்துக் கொடுத்தால், வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு குவில்டுக்கான இணைகள் சேர்ந்துகொண்டே வரும். நூலும் வீணாகாது.

ஆனால் எந்த அளவில் வெட்டுவது என்பதில்தான் இம்முறை ஏமாற்றம் தருகிறது. குவில்டில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். 2½ அங்குலச் சதுரம் தைத்தபின் 2 அங்குலமாகிறது, 6.25 சதுர அங்குலத் துணியில் 4 மட்டுமே கண்ணுக்குத் தெரியும், 36 விழுக்காடு உள்ளே மறைந்துவிடும். 1½ அங்குலச் சதுரத்தில் 2.25-க்கு 1 மட்டுமே தெரியும், பாதிக்கு மேல் தையலுக்கே போய்விடும். 5 அங்குலச் சதுரத்திலோ 81 விழுக்காடு வெளியே நிற்கிறது. 44 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள ஒரு குழந்தைப் போர்வையை 2 அங்குலக் கட்டங்களால் அமைக்க 660 சதுரங்கள் வேண்டும். ஏறக்குறைய அதே அளவை 5 அங்குலச் சதுரங்களால் அமைத்தால் 130 போதும். சிறிய சதுரங்கள் வேலையைக் கூட்டுவதோடு, பின்புறம் முழுக்கத் தையல் மடிப்புகளால் நிறைந்து போர்வையின் கனத்தையும் கூட்டிவிடும். சென்னை வெக்கையில் போர்த்திக்கொள்ளும் போர்வைக்கு அந்தக் கனம் தேவையில்லாதது.

ஆகவே சதுரமாக வெட்டிவைப்பதைவிடப் பட்டையாக வெட்டிவைப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. 2½ அங்குலப் பட்டையிலிருந்து நாளைக்குச் சதுரமும் எடுக்கலாம், நீள்சதுரமும் எடுக்கலாம், போர்வையின் ஓரப் பட்டியும் எடுக்கலாம். சதுரமாகிவிட்டதைத் திரும்பப் பட்டையாக்க முடியாது. ஒன்பது கட்டப் பிளாக்குக்குக்கூட (பிளாக் என்பது குவில்டின் மேல்துணியாகச் சேரும் ஓர் அலகுச் சதுரம்) மூன்று பட்டைகளை நீளவாக்கில் இணைத்து, தேய்த்து, 2½ அங்குலத்துக்கு ஒருமுறை குறுக்காக வெட்டி, அந்த வரிசைகளை மாற்றி மாற்றிச் சேர்ப்பது, ஒன்பது தனிச் சதுரங்களைப் பொருத்துவதைவிட விரைவானது. மூலைகளும் துல்லியமாகப் பொருந்தும். 1½ அங்குலப் பட்டைகள் லாக் கேபின் பிளாக்குக்கு அப்படியே உதவும். நடுச்சதுரத்தைச் சுற்றி ஒரு பக்கம் வெளிர் பட்டைகளும் மறுபக்கம் அடர் பட்டைகளுமாக வளரும் அந்த வடிவத்தில் பட்டையின் நீளம் எதுவானாலும் எங்கேனும் ஓரிடம் கிடைத்துவிடும்.

இதிலும் நம் துணிகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ரவிக்கை தைத்து மீதமாகும் பிட்டுகளில் பெரும்பாலானவை அக்குள் வளைவும் கழுத்து வளைவும் வெட்டிய பின் மிஞ்சும் கோணல் துண்டுகள். அவற்றிலிருந்து பட்டையோ சதுரமோ எடுக்கப் போனால் துணியின் கணிசமான பகுதி மீண்டும் தூளாக மீந்துவிடும். எடுத்த துண்டும் நேர் இழையில் அமையாமல் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, அமைந்தால், தைக்கும்போதே இழுபட்டுச் சதுரம் சாய்சதுரமாகிவிடும். வெட்டி அடுக்கும் முறை, நேரான ஓரமுள்ள துண்டுகள் மிஞ்சும் வீட்டுக்கே பொருந்துவது.

வெட்டாமல் வைத்தல்

நிறவாரியாகப் பைகளில் போடும் முறை செய்ய எளிது, வாதிட அதிகமில்லை. அடுத்த குவில்டுக்கு எந்த அளவு தேவைப்படும் என்று இன்றே முடிவுசெய்யும் கட்டாயம் இதில் கிடையாது. ஒட்டுத்துணி வேலை செய்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. தஞ்சாவூர்ப் பகுதியில் கோயில் தேர்களில் தொங்கவிடும் உருளை வடிவத் துணி அலங்காரமான தொம்பைகளைத் தைப்பதுபோல் பூவும் யாளியும் கொடியுமாக வெட்டி ஒட்டித் தைக்கிற வேலைக்குச் சதுரங்களால் பயனில்லை. நிறமும் பரப்பும்தான் வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்டுகளும் வெட்டாத துணிகளின் வலிமைக்குச் சான்று. உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிடைத்த வடிவத்திலேயே பயன்படுத்தி, பெரிய பெரிய பட்டைகளாக இணைத்தார்கள். 1970-களில் ஒரு பெருநிறுவனத்துக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தபோது மீந்த வரித்தடிப்புத் துணியையும் (கார்டுராய்) அப்படியே குவில்டாக்கினார்கள். 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவை தொங்கின. முன்கூட்டியே 2½ அங்குலச் சதுரங்களாக அறுத்திருந்தால் அந்தப் போர்வைகளில் நம்மை நிறுத்தும் அகன்ற கோடுகள் இருந்திருக்காது.

இருந்தாலும் நிறவாரிப் பிரிப்பில் ஒரு திருத்தம் தேவை. சிவப்பு, நீலம், பச்சை என்று பிரிப்பதைவிட வெளிர், நடு, அடர் என்று பிரிப்பதே தைக்கும்போது கைகொடுக்கும். குவில்டின் வடிவம் கண்ணுக்குத் தெரிவது நிற வேறுபாட்டைவிட ஒளி வேறுபாட்டால்தான். ஐயமிருந்தால் துண்டுகளைப் பரப்பிக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும்; வேறு வேறு என்று நாம் நினைத்த கரும்பச்சையும் மெரூனும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்.

இம்முறையின் குறை, பை நிறைவதுதான். வெட்டாத துணிக்கு எல்லை என்று ஒன்று கிடையாது. ஒரு பை நிறைந்தால் இன்னொரு பை வரும். தேய்க்காமல் திணித்த துண்டுகளை எடுக்கும்போதெல்லாம் முதலில் இஸ்திரி போட வேண்டியிருப்பதால், எடுக்கவே மனம் வராமல் போகும். பெரிய அலமாரி உள்ளவர்களுக்கே இதைச் சொல்வேன்.

உடனே தைத்தல்

மூன்றாம் வழிதான் நம் நாட்டுக்கு மிகப் பழக்கமானது. வங்காளத்துக் காந்தா என்னும் போர்வை, பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு உருவானது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் கவந்தி என்னும் துண்டுத்துணிப் போர்வையை இங்கே சற்று அருகில் பார்ப்பது பயன்தரும். பழைய சேலை ஒன்றை அடித்துணியாக விரித்துக்கொள்கிறார்கள். துண்டுகளைத் தனியே இணைத்து மேல்துணி தயாரித்துக்கொள்வது என்ற படியே அதில் இல்லை. ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து வைத்து, கையாலேயே ஓட்டுத்தையலில் நேராக அடித்துணியோடு தைக்கிறார்கள். ஓரத்தைச் சுற்றிவந்து, வரிசை வரிசையாக உள்நோக்கி நகர்ந்து நடுவில் முடிக்கிறார்கள். துண்டுகளைப் பொருத்துவதும் மேலும் கீழும் பிணைப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகின்றன. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். அது இல்லாத கவந்தி முழுமையானதல்ல என்பது அவர்கள் வழக்கம். அளவுகோல் வேண்டாம், கட்டர் வேண்டாம், மெஷினும் வேண்டாம். கோணல் துண்டு எதுவானாலும் ஓரம் மடிந்து உள்ளே போய்விடுவதால் ரவிக்கைப் பிட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

மெஷினில் இதற்கு இணையானது, காகிதத்தின் மேல் பட்டைகளைத் தைக்கும் ஸ்ட்ரிங் பிளாக். பழைய நோட்டுத் தாளை 6½ அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ள வேண்டும். செய்தித்தாளின் மை வெளிர்துணியில் ஏறும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். மூலைவிட்டத்தின் மேல் ஒரு பட்டையை முகம் மேலாக வைத்து, அதன் மேல் இன்னொரு பட்டையை முகம் கீழாக ஓரத்தோடு ஓரம் பொருத்தி, காகிதத்தோடு சேர்த்துத் தைத்து, புரட்டி நகத்தால் அழுத்திப் படியவைத்து, அடுத்த பட்டைக்குப் போகலாம். தாள் முழுதும் மூடியபின் திருப்பிப் போட்டு, காகிதத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டினால் துல்லியமான சதுரம் கிடைக்கும். தையலை நெருக்கமாக, ஓட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் வைத்துக்கொண்டால் பின்னர் காகிதம் தபால்தலை கிழிவதுபோல் சுலபமாகக் கிழிந்துவரும். பிளாக்குகளை இணைத்து முடிக்கும் வரை காகிதத்தைக் கிழிக்காமல் விட்டால், ஓரங்கள் கிராஸாக இருந்தாலும் இழுபடாது. பட்டையின் அகலம் ஒரு முனையில் ஓர் அங்குலமும் மறுமுனையில் இரண்டங்குலமுமாக இருந்தாலும் குற்றமில்லை. கோணல் இருந்தால்தான் பிளாக்கே அழகு பெறும். 42-க்கு 60 அங்குலப் போர்வைக்கு இப்படி 70 பிளாக்குகள் போதும். அளவுவாரி முறை வெளியே தள்ளிய துண்டுகளுக்கு இங்கே இடம் கிடைக்கிறது.

குறையும் இல்லாமலில்லை. நூல் நிறையச் செலவாகும். காகிதத்தில் தைப்பதால் ஊசி சீக்கிரம் மழுங்கும்; இதற்கென்று ஓர் ஊசியை ஒதுக்கிவைப்பது நல்லது. எந்தத் துணியை எதன் பக்கத்தில் வைப்பது என்று ஒவ்வொரு முறையும் கண் முடிவுசெய்ய வேண்டும். களைத்த இரவில் அது எல்லோருக்கும் இயலாது. முடிந்த பிளாக்குகள் ஒன்றோடொன்று முரண்படாமலிருக்க எல்லாவற்றிலும் நடுப்பட்டையை ஒரே துணியில் வைப்பது ஒரு நல்ல உத்தி. பழைய வேட்டியைக் கிழித்த வெள்ளைப் பட்டை அதற்குப் போதும்.

எங்கே வைப்பது

பெட்டியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சற்றே ஈரமுள்ள துணி போனாலும் பூஞ்சை பிடிக்கும். நன்கு தேய்த்து, சூடு ஆறியபின் உள்ளே வைத்து, வெயிலடிக்கும் நாட்களில் திறந்துவைக்க வேண்டும். ஜவுளிக்கடைகளில் முன்பு தந்த நெய்யாத துணிப் பைகள் காற்றை விடுவதால் வெட்டாத துணிக்கு அவை மேல். இனிப்புப் பெட்டிகள் பட்டைகளின் அளவுக்கு வாகாக இருந்தாலும் நெய் வாடையும் எறும்பும் அவற்றோடு வரும். கண்ணாடி மூடிப் பெட்டிகளைச் சன்னலுக்கு எதிரே வைத்தால் மடிப்பு ஓரங்கள் மட்டும் வெளுத்துப்போகும். பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ ஒரு மல் துணியில் முடிந்து போடலாம். நாப்தலின் உருண்டையின் வாடை குழந்தைப் போர்வைக்குப் போகக் கூடாது.

இனித் தேர்வு. கடையில் மீட்டர் கணக்கில் பருத்தி வாங்கி, திட்டமிட்ட வடிவங்களையே தைப்பவர், மீந்ததை 2½, 1½ அங்குலப் பட்டைகளாக வெட்டிவைக்கட்டும். 5 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள துண்டை மட்டும் வெட்டாமல் வைக்கலாம். ஒட்டுத்துணி வேலையில் நாட்டமுள்ளவரும், இடவசதி உள்ளவரும் வெளிர், நடு, அடர் என்று மூன்று பைகள் வைத்துக்கொள்ளட்டும். மூன்றுக்கு மேல் நான்காவது பை வாங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வேண்டும். ரவிக்கைப் பிட்டும் வேட்டித் துண்டும் தையல்கடை மிச்சமுமாகத் துணி வந்துசேரும் வீட்டில், அதாவது நம்மில் பெரும்பாலோர் வீட்டில், மூன்றாம் வழியையே நான் பரிந்துரைப்பேன். இழைச் சோதனை முடிந்த துண்டுகள் ஒரு கூடையில், 6½ அங்குலத் தாள்கள் ஒரு கட்டு மெஷினின் இழுப்பறையில். மெஷினின் முன் உட்காரும்போதெல்லாம் ஒரு பிளாக்காவது தைத்துவிட்டு எழுந்தால் கூடை நிரம்பிவழியாது. மெஷின் இல்லாதவர்களும் தொலைக்காட்சி முன்னால் கையால் தைக்க விரும்புபவர்களும் பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்துக் கவந்தியைத் தொடங்கலாம். அதற்கு நடுவில் பஞ்சு விரிப்பும் தேவையில்லை.

ஓர் அங்குலத்துக்கும் குறைந்த தூள்களை எந்த முறையிலும் சேமிக்க வேண்டாம். ஊசி குத்தும் மெத்தைக்குள்ளும் கதவிடுக்கில் வைக்கும் நீளத் தலையணைக்குள்ளும் அடைக்க அவை உதவும். கொளுத்திப் பார்த்து ஒதுக்கிய பாலியஸ்டர் பிட்டுகளும் தேய்க்கும் வேலையில்லாத அந்த இடத்துக்கே போகலாம்.